காட் இல்லாத காட்

இந்தப் பக்கத்தில் எழுதிக் கனகாலம். மார்கழி மாதம் முழுக்கக் குசினியில் நிமிரவே நேரமில்லை. இன்று திங்கட்கிழமை, கடை பூட்டு. மனுசி வேலைக்குப் போய்விட்டாள், மகள் பள்ளிக்கூடம். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இருந்திட்டன்.

இது கொம்பியூட்டர் பற்றிய பதிவு. லினக்ஸ், கிராபிக்ஸ் காட் எண்டெல்லாம் வரும். அதைப் பார்த்து ஆரும் ஓடிவிட வேண்டாம். ஒரு மனிசனிடம் நான் பிழையாகக் கதைத்த கதையும் இதற்குள்ளேதான் இருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் பழசு. 2015 இல் வந்த இன்ரெல் ஐ5-6500. நாலு கோர். அதிலே வின்டோஸ் 10 இருந்தது. 2025 ஐப்பசி 14 ஆம் திகதியோடு வின்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு முடிந்தது. வின்டோஸ் 11 இந்தப் பழைய சில்லை ஏற்காது. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. டெபியன் 13 ஐப் போட்டேன்.

லினக்ஸ் எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இரண்டு வருசம் படித்தவன் நான். அந்த நாளில் உபுண்டுக்காரர் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள். 2005 இல், சமாதான காலத்தில், எனக்கும் ஒரு கடித உறை வந்தது. அறையில் நாலு பேர் சுற்றி இருந்து போட்டுப் பார்த்தோம். அடுத்த வருசம் ஆவணியில் ஏ9 பாதையைப் பூட்டினார்கள். படிப்பு அந்தரத்தில் நின்றது. 2007 இல் கப்பலில் திருகோணமலைக்குப் போய், கொழும்புக்குப் போய், 2008 இல் பாரிசுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கினேன். இப்போது அதே தொழிலில் கொஞ்சம் மேலே, அடுப்படியில் நிற்கிறேன். பட்டம் இல்லை. ஆனால் "அப்பா கொம்பியூட்டர் படிச்சவர்" என்று வீட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை.

மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட ஒப்படைக்கு ஒரு நிமிட அசைபடம் செய்யவேண்டும். அவள் எடுத்த விசயம் அப்பம்மா வீட்டுக் கிணற்றடி. வலிகாமம் வடக்கில் இருந்த வீடு. 1990 ஆனியில் நாங்கள் அங்கிருந்து வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அவள் அந்தக் கிணற்றைக் கண்டதே இல்லை. மங்கிப்போன ஒரு படமும் நான் சொன்ன கதைகளும்தான் அவளுக்கு ஆதாரம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் கிணற்றைக் கட்டினாள். கிடுகு வேலி கட்டினாள். துலாவை நட்டாள். ஒரு வாழையும் வைத்தாள். அதற்குப் பிறகு கொம்பியூட்டர் இழுக்கத் தொடங்கிவிட்டது. சில்லோடு சேர்ந்து வருகிற சின்ன இன்ரெல் கிராபிக்சுக்கு அவ்வளவு ஓலையைத் தாங்க ஏலவில்லை.

"அப்பா, ஒரு காட் வாங்கித் தாங்கோ."

பாரிசில் எங்கள் ஆட்களுக்குக் 'காட்' என்றால் ஒரே ஒரு காட்தான். "காட் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டால், அகதி வழக்கு வென்று வதிவிட அட்டை கையில் வந்துவிட்டதோ என்று அர்த்தம். நான் சிரித்தேன். அவளுக்கு விளங்கவில்லை.

எங்கள் குசினியில் ஒரு தம்பி கோப்பை கழுவுகிறான். புதுக்குடியிருப்புப் பெடியன். 2022 இல் வந்தவன். அவனுடைய வழக்கு முதல் தரம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் நிற்கிறது. வந்த புதிதில் அறைக்குள் தனிமை தாங்காமல் துண்டு துண்டாகச் சாமான் வாங்கி ஒரு கொம்பியூட்டர் பூட்டியிருந்தான். வக்கீலுக்குக் காசு கட்ட அதையே இப்போது துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தான். மொனிற்றர் முதலே போய்விட்டது. மிச்சம் இருந்தது என்விடியாவின் ஜிரிஎக்ஸ் 1060. 2016 இல் வந்த காட், 6 ஜிபி நினைவகம். 90 யூரோ கேட்டான். நான் 70 க்கு இழுத்தேன். ஒன்றும் சொல்லாமல் தந்தான். அதை நினைக்க இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

காட்டைப் பூட்டி, மொனிற்றர் வயரையும் அதிலேயே செருகினேன். படம் வந்தது. ஆனால் பிளெண்டர் பெரிதாகத் திருந்தவில்லை. தேடிப் பார்த்தால் காரணம் கிடைத்தது. லினக்ஸ் தானாக எடுத்துப் போடுகிற இலவச ட்றைவருக்குப் பெயர் நூவோ. மகள் சிரித்தாள், பிரெஞ்சில் 'புதிது' என்று அர்த்தம். என்விடியா தன் விபரங்களைக் கொடுக்காமல் இருந்த காலத்தில், வெளியாட்கள் காட்டின் நடத்தையைப் பார்த்துப் பார்த்து எழுதிய ட்றைவர் அது. இந்த விசயத்தில்தான் லினக்சை உருவாக்கிய லினஸ் ரோர்வால்ட்ஸ் 2012 இல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் கமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். 2014 கடைசிக்குப் பிறகு வந்த காட்டுகளில், வேகத்தை ஏற்றி இறக்க என்விடியா கையெழுத்திட்ட நிலைபொருள் வேண்டும். 1060 தலைமுறைக்கு நூவோவிடம் அது இல்லை. அதனால் காட் முதல் கியரிலேயே ஓடும். 2018 க்குப் பிறகு வந்த காட்டுகளுக்கு நிலைமை மாறிவிட்டது, பழசுகளுக்கு இல்லை.

சரி, என்விடியாவின் சொந்த ட்றைவரையே போடுவோம் என்று போட்டேன். டெபியன் 13 இல் 550 வரிசை இருக்கிறது, இந்தக் காட்டுக்கு அது பொருந்தும். இறக்கியது, கட்டியது, ஒரு பிழையும் காட்டவில்லை. நிறுத்தி எழுப்பினேன்.

முந்தியதைவிட மோசம். சன்னலை இழுத்தால் பின்னாலே வால் மாதிரி இழுபட்டு வருகிறது. பிளெண்டரில் அசைவை ஓடவிட்டால் செக்கனுக்கு 24 படம் ஓடவேண்டிய இடத்தில் 2 என்று சிவப்பில் காட்டுகிறது. பெட்டிக்குள் காற்றாடி வேறு கத்துகிறது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மத்தியானச் சனம் முடிந்து எல்லாரும் சாப்பிட இருந்த நேரம். தம்பியைப் பார்த்துக் கேட்டேன்:

"என்ன சாமானடா தந்தனி? பழுதெண்டு தெரிஞ்சுதானே வித்தனி?"

"இல்லை அண்ணை, எனக்கு நல்லாத்தான் ஓடினது."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ? தமிழனே தமிழனை ஏமாத்தினா வெள்ளைக்காரனை என்ன சொல்லுறது?"

இன்னும் மூன்று தமிழர்கள் மேசையில் இருந்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "சம்பளம் வரட்டும் அண்ணை, காசைத் திருப்பித் தாறன்." அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. எழும்பிப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டான். ஒரு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டு ஒரு கிழமை.

ஒரு சனிக்கிழமை இரவு. வேலை முடிந்து கடைசி ரயிலில் வந்து சேர ஒரு மணி. நித்திரை வரவில்லை. கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். குசினியில் எங்கள் செஃப் செய்கிற ஒரு காரியம் அப்போதுதான் நினைவு வந்தது. மேசைக்குச் சாப்பாடு பிந்தினால் அவர் அடுப்பு பழுதோ, இறைச்சி பழுதோ என்று தேடமாட்டார். முதல் கேள்வி, "இப்ப அங்கே நிண்டு சமைக்கிறது ஆர்?"

அதையே கொம்பியூட்டரிடம் கேட்டேன்.

முதலில், எந்தப் புரோகிராம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டுகிற 'ரொப்' கட்டளையை ஓடவிட்டுக்கொண்டு பிளெண்டரில் கிணற்றைச் சுற்றினேன். நாலு கோரும் நூறு வீதம். படம் கீற வேண்டியது காட், ஏன் சில்லு வேர்த்து விறுவிறுக்கிறது?

அடுத்தது 'ஜிஎல்எக்ஸ் இன்ஃபோ' என்ற கட்டளை. படத்தைக் கீறுவது ஆர் என்று ஒரு வரியில் சொல்லும். என்விடியா என்று வரவேண்டிய இடத்தில் 'எல்எல்விஎம் பைப்' என்று வந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எல்எல்விஎம் பைப் என்பது காட்டே இல்லை. ஒரு காட்டும் வேலைக்கு வராதபோது, திரை கறுத்துப் போகாமல் இருக்கச் சில்லை வைத்தே படத்தைக் கீறிச் சமாளிக்கிற மென்பொருள். சமையல்காரன் வராத நாளில் கோப்பை கழுவுகிறவன் எண்பது பேருக்குச் சமைக்கிற மாதிரி. காட்டுக்குள்ளே 1280 சின்னக் கோர்கள் இருக்கின்றன. அவை சும்மா இருக்க, வெளியே நாலு பேர் முறிந்துகொண்டிருந்தார்கள். காட் வந்தவுடன் இன்ரெல் கிராபிக்சைத் தாய்ப்பலகை தானாகவே நிறுத்திவிட்டபடியால், முன்பு ஓடினதும் இல்லாமல் போய்விட்டது. அதுதான் முந்தியதைவிட மோசம்.

மூன்றாவது, 'எல்எஸ்பிசிஐ' கட்டளை. பெட்டிக்குள் பூட்டியிருக்கிற சாமான்களையும் அவற்றை எந்த ட்றைவர் நடத்துகிறது என்பதையும் காட்டும். காட் இருந்தது. பெயர் சரி. அதற்கான மொடியூல் என்விடியா என்றும் இருந்தது. ஆனால் 'இப்போது பாவனையில் உள்ள ட்றைவர்' என்ற வரியையே காணவில்லை. ஆள் வாசலில் நிற்கிறான், உள்ளே விடவில்லை.

நாலாவது, மொடியூலைக் கையாலே ஏற்றிப் பார்த்தேன். ஒற்றை வரியில் மறுமொழி வந்தது. தமிழில் சொன்னால்: சாவி நிராகரிக்கப்பட்டது.

அந்தச் சொல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். 2008 இல் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சு தெரியாது. பக்கத்து அறை அண்ணை வாசித்துவிட்டு ஒரு சொல்லைத்தான் சொன்னார்.

விசயம் இதுதான். வின்டோஸ் 8 காலத்தில், 2012 அளவில், கொம்பியூட்டர்களில் 'செக்கியூர் பூட்' என்ற காவல் வந்தது. இயங்குதளம் எழும்ப முதலே கள்ளப் புரோகிராம் உள்ளே புகுந்துவிடாமல், தெரிந்த சாவியால் கையெழுத்து வைத்ததை மட்டும் உள்ளே விடும். டெபியன் தன் கேர்னலுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறது. ஆனால் என்விடியா மொடியூல் என் வீட்டுக் கொம்பியூட்டரிலேயே கட்டப்படுகிற சாமான். அதற்கும் கையெழுத்து இருந்தது. என் கொம்பியூட்டர் தானே உண்டாக்கின சாவியால் வைத்த கையெழுத்து. அந்தச் சாவியைக் காவல்காரனுடைய புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை. இது டெபியனின் விக்கியில் தெளிவாக எழுதியிருக்கிறது. வாசிக்காமல் தாண்டினது நான்.

காவலை ஒரேயடியாக நிறுத்திவிட்டாலும் காட் ஓடியிருக்கும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் பதிவதென்று முடிவெடுத்தேன். 'மொக் யூடில்' என்ற கட்டளையால் அந்தச் சாவியைக் கொடுக்க, அது ஒருமுறை மட்டும் பாவிக்கிற பாஸ்வேட் கேட்கும். பிறகு கொம்பியூட்டரை நிறுத்தி எழுப்பினால் நீலத்திரை ஒன்று வரும். சாவியைப் பதியலாம் என்று தெரிவு செய்து, அதே பாஸ்வேட்டை அடிக்கவேண்டும்.

அடித்தேன். பிழை. திரும்ப அடித்தேன். பிழை. விடிய மூன்று மணி. எனக்கு விசராக்கியது. பிறகுதான் பிடிபட்டது: அந்த நீலத்திரைக்குப் பிரெஞ்சுக் கீபோட் தெரியாது, அமெரிக்கக் கீபோட்தான் தெரியும். இங்கே 'ஏ' எழுத்து இருக்கிற இடத்தில் அதற்குக் 'கியூ'. இலக்கங்களை இங்கே ஷிப்ட் அழுத்தி அடிக்கவேண்டும், அங்கே அது வேறு குறியாகப் போகும். நான் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு என் பாசை விளங்கவில்லை. திரும்ப முதலில் இருந்து தொடங்கி, இரண்டு கீபோட்டிலும் ஒரே இடத்தில் இருக்கிற எழுத்துகளாகத் தெரிந்து பாஸ்வேட் வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

கொம்பியூட்டர் எழும்பினது. ஜிஎல்எக்ஸ் இன்ஃபோவைக் கேட்டேன். என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிரிஎக்ஸ் 1060. பிளெண்டரில் ஓடவிட்டேன். 24. அப்பம்மா வீட்டுக் கிணற்றடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஒரு இழுவையும் இல்லை. சில்லு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சந்தோசம் ஒரு ஐந்து நிமிசம் இருந்திருக்கும். பிறகு தம்பியின் முகம் வந்து நின்றது. காட்டில் ஒரு பழுதும் இல்லை. ஒரு நாளும் இருக்கவில்லை. பதினெட்டு வருசத்துக்கு முதல் ஒரு அலுவலகத்தில் இருந்து வந்த கடிதத்தைப் பார்த்து, "நான் சொன்னதை இவங்கள் ஏன் நம்பேல்லை, என்னை ஏன் பொய்காரனெண்டு முடிவெடுத்தவங்கள்" என்று அழுதவன் நான். அதே நான், ஒரு பெடியன் "எனக்கு நல்லாத்தான் ஓடினது" என்று சொன்ன சொல்லை ஒரு நிமிசம்கூடச் சோதித்துப் பார்க்காமல், மூன்று பேருக்கு முன்னால் நிராகரித்தேன். சோதிக்கிறது பிழையில்லை. சோதிக்காமல் முடிவெடுக்கிறதுதான் பிழை.

உங்கள் லினக்ஸ் பெட்டியிலும் காட் சோர்ந்து கிடந்தால், விற்றவனோடு சண்டைக்குப் போக முதல் இந்த ஒழுங்கில் பாருங்கோ. மொனிற்றர் வயர் காட்டில் செருகியிருக்கிறதோ, தாய்ப்பலகையில் செருகியிருக்கிறதோ. படம் கீறுகிறது ஆர், காட்டோ எல்எல்விஎம் பைப்போ. பாவனையில் இருக்கிற ட்றைவர் எது. மொடியூல் ஏறாவிட்டால் அது சொல்லுகிற காரணம் என்ன, செக்கியூர் பூட் போட்டிருக்கிறதோ. இவ்வளவும் சரி, பிறகும் மந்தம் என்றால்தான் சூடு, தூசி, மின்சாரம் எல்லாம். பழைய காட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 1060 போன்றவற்றுக்கு என்விடியாவின் 580 வரிசை ட்றைவர்தான் கடைசி. அதற்கு மேலே உள்ளதைப் போட்டுவிட்டு மினக்கெட வேண்டாம்.

ஞாயிறு வேலைக்கு நேரத்தோடு போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். பிறகு, ஏசினது எல்லாருக்கும் முன்னால், மன்னிப்பு மட்டும் ஒளித்துக் கேட்கிறதோ என்று நினைத்து, சாப்பாட்டு மேசையிலேயே சொன்னேன். "தம்பி, உன்ர காட்டில ஒரு பழுதும் இல்லை. பிழை என்னில." விறாந்தையில் வைத்து 20 யூரோவையும் கொடுத்தேன், அவன் முதல் கேட்ட விலைக்கு மிச்சம். வாங்க மாட்டேன் என்றான். பொக்கற்றுக்குள் வைத்துவிட்டேன்.

"என்ன அண்ணை நடந்தது அதுக்கு?" என்று கேட்டான். சொன்னேன். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற இடம் வர, அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்கும் காட் குடுக்கேல்லையோ?"

"மேன்முறையீட்டில கிடைச்சது."

அடுத்த திங்கள் வீட்டுக்கு வந்தான். மனுசி புட்டும் கத்தரிக்காய்க் கறியும் வைத்தாள். மகள் தன் கிணற்றடியை ஓடவிட்டுக் காட்டினாள். அவன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான்.

"தங்கச்சி, துலாவில பின்பக்கம் பாரம் கட்டேல்லை. கல்லுக் கட்டாட்டி வாளி லேசில மேல வராது."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. ஏழு வயதில் நான் வாளியைத்தான் பார்த்திருக்கிறேன், பின்பக்கம் பார்க்கவில்லை. அவன் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்து, எவ்வளவு பெரிய கல்லு, எப்படிக் கட்டுகிறது என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினான்.

அவனுடைய வழக்கு வாற மாசம். வக்கீல் கேட்ட கடிதமொன்றைப் பிரெஞ்சில் எழுத மகள் உதவி செய்கிறாள்.